வெளிநாட்டு ஊழியத்துக்குப் போனால் தாழ்மை வந்துவிடுமா?

கேள்வி இதுதான்: சபையிலிருந்து ஒரு தம்பி இரண்டு வருட ஊழியத்துக்கு ஆப்பிரிக்கா போகிறார். "போ தம்பி, ஆண்டவர் அங்கே உன்னைத் தாழ்மைப்படுத்துவார்" என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்புகிறார்களாம். வெளிநாட்டில் ஊழியம் செய்தால் உண்மையிலேயே தாழ்மை வருமா, வந்தால் எப்படித்தான் வருகிறது என்று அவருடைய அண்ணன் கேட்கிறார்.

தானாக வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் விழுந்து எழுந்து, பெற்ற பிள்ளையை அந்நிய மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் தலைக்கனம் துளியும் குறையாமல் ஊர் திரும்பியவர்கள் மிஷன் சரித்திரத்தில் உண்டு. கஷ்டப்படுவது வேறு, தாழ்மை வேறு. சொல்லப்போனால் கஷ்டமே சில நேரம் பெருமைக்குத் தீனி போட்டுவிடும், "இந்த ஜனங்களுக்காக நான் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தேன்" என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தால் அது லேசில் நிற்காது. கொடுக்கிற கை எப்போதும் மேலேதான் இருக்கும். நான் படித்த வரையிலும் பார்த்த வரையிலும், தாழ்மை வந்தவர்களுக்கு அது வந்த வழி வேறு. அந்த ஊர்க்காரரிடம் கைநீட்டி எதையாவது வாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. மொழியோ, சோறோ, வைத்தியமோ, திட்டோ, ஏதோ ஒன்று. வாங்கிக்கொண்டவர்கள் மாறினார்கள், கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் மாறவில்லை.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க். நம்முடைய ஊர் என்பதால் அவர் வெளிநாட்டு மிஷனரி என்பதே நமக்கு மறந்துபோகிறது. ஜெர்மனியில் சாக்ஸனிப் பக்கம் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர், ஹாலே நகரில் பிராங்கே என்ற பேராசிரியரிடம் படித்தவர், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 23தான். கூட வந்தவர் புளூட்சோ. அரசர் அனுப்பிய ஆட்கள் என்பதால் ராஜ மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைத்தால், இல்லை. வியாபாரம் கெட்டுப்போகும் என்று, அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டாலே ஆகாது. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் வேண்டாவெறுப்பாகத்தான் அவர்களை உள்ளே விட்டார்.

சரி, அதெல்லாம் அவமானம். அவமானத்தையும் தாழ்மை என்று எண்ணிவிடக் கூடாது, அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். அவமானப்பட்ட பலர் தனக்குக் கீழே இருப்பவன்மேல் அதை இறக்கி வைப்பார்கள். சீகன்பால்க்கே வந்த புதிதில் ஒரு காரியம் செய்தார். வெளியூர் போகும் வழியில் ஒரு கோயிலில் வைத்திருந்த சுடுமண் உருவங்களைப் பார்த்து, "இவை ஒன்றும் செய்யாது பார்" என்று காட்டுவதற்காகச் சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்தார். இதை மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். அப்போது ஓர் உள்ளூர் வாத்தியார் வந்து, இவை தெய்வங்களே இல்லை ஐயா, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். உடைத்தது என்ன என்றுகூடத் தெரியாமல் உடைத்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஆளுக்குப் பக்தி இருந்தது, தைரியம் இருந்தது, தியாகம் இருந்தது. தாழ்மை மட்டும் இல்லை.

அதே ஆள்தான் தமிழ் படிக்க ஆரம்பித்தார். எப்படி என்றால், வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை அழைத்து, பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொல்லி, அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பல்கலைக்கழகத்தில் எபிரேயமும் கிரேக்கமும் படித்த குருவானவர், ஐந்து வயதுப் பையன் சரியாகப் போடுகிற சுழியைப் போட முடியாமல் திணறுவதை அந்தப் பையன்கள் பார்த்துச் சிரித்திருப்பார்களா இல்லையா என்று எந்தக் குறிப்பிலும் இல்லை, நான் சிரித்திருப்பேன். அந்த வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது என்பதால் எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. அப்புறம்தான் அழகப்பன் வந்தார். ஆவணங்களில் அலெப்பா என்று இருக்கும். கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், போர்த்துக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் என்று பல மொழி அறிந்தவர். அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார், ஆனால் நடந்தது என்னவோ குரு சிஷ்ய உறவுதான்.

1708இல் எழுதிய ஒரு கடிதத்தில் தன் நாள் எப்படிப் போகிறது என்று சீகன்பால்க் சொல்லியிருக்கிறார். காலையில் முந்தின நாள் படித்த சொற்களை ஒப்பித்துப் பார்ப்பது, எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை ஒரு வயதான புலவரையும் எழுத்தர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடிகளை வாசிப்பது, புரியாத இடத்தில் புலவர் விளக்க வேண்டும், எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் மறுபடியும் வாசிப்பு. சில நூல்களை அந்த நடை தன் வாயில் வரும்வரை திரும்பத் திரும்பப் படித்ததாகவும் சொல்கிறார். வருடக்கணக்கில் தினமும் அத்தனை மணி நேரம் ஒரு மனிதர் முன்னால் "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? அதே 1708இல் தான் சேர்த்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார், 119 தமிழ் நூல்கள். வந்த புதிதில் இந்த மொழிக்கு ஒழுங்கான இலக்கணமோ இந்த மக்களுக்கு முறையான வாழ்க்கையோ இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை, மொழி தெரியாத ஐரோப்பியர் சொன்னதை நம்பினேன், இவர்கள் நூல்களை வாசித்த பிறகுதான் என் எண்ணம் எவ்வளவு தவறு என்று தெரிந்தது என்ற அர்த்தத்தில் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்ததும் அப்போதுதான். நீதி சொல்லிக்கொடுக்க வந்தவர், இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற நீதி இது என்று தன் ஊருக்கு எழுதுகிறார்.

இதனால் அவர் தன் விசுவாசத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று யாராவது நினைத்தால் தப்பு. சிலை வழிபாடு தவறு என்பதில் கடைசிவரை உறுதியாகத்தான் இருந்தார், வாதம் செய்தார், கடுமையாகவே எழுதினார். ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டு ஹாசியஸோடு மோதல் முற்றி, 1708 நவம்பரிலிருந்து நாலு மாதம் கோட்டைக்குள் சிறையில் இருந்த ஆள் அவர். கோபக்காரர் என்றும் சொல்வார்கள். ஆகவே தாழ்மை என்றால் சாந்தமான முகம், மெல்லிய குரல், எதற்கெடுத்தாலும் "நான் ஒன்றுமில்லை" என்று சொல்வது என்று நம் சபைகளில் ஒரு படம் வைத்திருக்கிறோமே, அந்தப் படத்துக்குள் இவர் அடங்க மாட்டார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1712 முதல் 1714 வரை நடந்த கடிதப் போக்குவரத்து. தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி, ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள், மொத்தம் 99 கடிதங்கள் அங்கே அச்சாகி வந்தன. அவற்றில் பலவற்றை அழகப்பனே எழுதியிருப்பார் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எங்கள் மார்க்கத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள் சூடானவை. உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், ஆனால் உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்று நேராகவே எழுதிவிட்டார்கள். இப்போது ஒரு மிஷனரி ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் "இந்த ஊர் மக்கள் எங்களைப் பற்றிச் சொல்லும் குறைகள்" என்று ஒரு பக்கம் ஒதுக்குவாரா? காணிக்கை நின்றுவிடும் என்ற பயம் இருக்கும். சீகன்பால்க்குக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும், ஆனாலும் அனுப்பினார்.

அனுப்பியதற்கெல்லாம் பாராட்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். மிஷனரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று பிராங்கே அதை அச்சிடவே இல்லை. அது அச்சேறியது 1867இல், சென்னையில். எழுதியவர் இறந்து ஏறக்குறைய 150 வருடம் கழித்து! அப்புறம் கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்துச் செயலாளராக வென்ட் என்றொருவர். அப்போஸ்தலர்கள் பொன்னும் வெள்ளியும் இல்லாமல் நடந்தே போனார்களே, உங்களுக்கு எதற்குக் கட்டடமும் சொத்தும் என்ற தொனியில் அவரிடமிருந்து கடிதம் மேல் கடிதம். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு களத்தில் இருப்பவனுக்குத் தாழ்மை உபதேசம் செய்வது அன்றைக்கே இருந்திருக்கிறது. அந்தக் கடிதங்கள் சீகன்பால்க்கை நொறுக்கிப்போட்டன. 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. ஆகவே தம்பியிடம் நான் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது இந்த விஷயத்தில்தான், "தாழ்மையாயிரு" என்று அடுத்தவன் நமக்குச் சொல்லும்போது அது பெரும்பாலும் "வாயை மூடு" என்பதற்கு மரியாதையான வடிவம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சீகன்பால்க்குக்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி காவி கட்டினார், மரக்கறி உணவுக்கு மாறினார், சம்ஸ்கிருதமும் தமிழும் தெலுங்கும் கற்றார். ஐரோப்பியன் என்ற பெருமையை இவரைப் போல் கழற்றிப் போட்டவர்கள் குறைவு. ஆனால் மதுரையில் ஏற்கெனவே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களோடும் அவர்களுடைய குருவோடும் ஒட்டாமல் விலகி இருந்தார், மேல்சாதியார் வர வேண்டும் என்பதற்காக. கலாச்சாரத்துக்கு முன்னால் தாழ்மை, சாதியில் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு முன்னால்? இதை இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். வேட்டி கட்டுவதாலோ, கையால் சாப்பிடுவதாலோ விஷயம் முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. உள்ளூர் உடை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புகிற இந்தக் காலத்துக் குழுக்களை நினைத்தும் இதைச் சொல்கிறேன்.

இப்போது 1910க்கு வருவோம். இதுதான் என் பதிலின் மையம். எடின்பரோவில் அந்த வருடம் ஜூன் மாதம் உலக மிஷனரி மாநாடு நடந்தது, சுமார் 1200 பிரதிநிதிகள், அதில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் நம்ம வெள்ளாளன்விளைக்காரர், வேதநாயகம் சாமுவேல் அசரியா, 35 வயது. ஒரு மாலைக் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு, வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பதைப் பற்றி. மனிதர் மழுப்பவில்லை. எங்களுக்கும் உங்களுக்கும் இடையில் ஓர் எட்டி நிற்கும் தன்மை இருக்கிறது, மனம் விட்டுப் பழகுவது இல்லை, நட்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். மண்டபத்தில் சலசலப்பு. இந்தியாவில் வருடக்கணக்காக உழைத்த மிஷனரிகள் சிலருக்குக் கடுங்கோபம்.

அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், காலராவில் செத்திருக்கிறார்கள், இவர் வந்து நீங்கள் எங்களோடு நட்பாக இல்லை என்கிறாரே என்று. ஆனால் அசரியா தொட்ட இடம் சரியான இடம். அந்தக் கால மிஷன் காம்பவுண்டை நினைத்துப் பாருங்கள், நடுவில் உயரமான பங்களா, சுற்றி மதில், கேட்டுக்கு அருகில் உள்ளூர் ஊழியரான உபதேசியார் வீடு. உபதேசியார் பங்களா வராந்தாவில் நின்றுகொண்டே பேசுவார், துரை உட்கார்ந்து கேட்பார். உபதேசியாரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துரைசானி மருந்து கொடுத்தனுப்புவார், தவறாமல் கொடுத்தனுப்புவார். ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்திருக்க மாட்டார். உயிரைக் கொடுப்பது இவர்களுக்கு முடிந்தது, பக்கத்தில் உட்காருவது முடியவில்லை. ஏனென்றால் உயிரைக் கொடுக்கும்போதும் நீ மேலே இருக்கலாம். நண்பனாக இருக்கும்போது முடியாது, நண்பன் உன்னைக் கேலி செய்வான், "அது அப்படி இல்லை" என்பான், நீ அவனிடம் கடன் கேட்பாய்.

அசரியா பேசிவிட்டுப் போனவரும் இல்லை. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்து, நாம் ஏன் செய்யவில்லை என்று கேட்டு, 1903இல் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் பணத்தில் தங்கள் ஆட்களைக் கொண்டே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்கு முன்னோடியாக இருந்தார். பிறகு தானே நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார், கூடாரத்தில் தங்கினார், முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு அரிச்சுவடி பிடித்தார். 1912 டிசம்பரில் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவருடைய சபையின் பெரும்பகுதி மாலா, மாதிகா மக்கள், தீண்டாமைக்கு ஆளானவர்கள், படிப்பு மறுக்கப்பட்டவர்கள். திருநெல்வேலி ஊழியருக்கு அங்கே தெலுங்கு மக்கள் முன்னால் அதே சோதனைதான், வெள்ளைத் தோல் இல்லை என்பதால் மட்டும் மேட்டிமை இல்லாமல் போய்விடுமா? நம் ஊரிலிருந்து வடக்கே போகிறவர்களிடமும் "இந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது பிரதர்" என்ற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தை வாயில் வந்த நாளிலிருந்து அந்த ஊழியரால் அந்த ஊரில் எதையும் கற்க முடியாது.

ஆப்பிரிக்கா போகிற தம்பிக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், முதலில் ஓர் உண்மையை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் திரும்பிவரும் டிக்கெட் இருக்கிறது. உடம்புக்கு முடியாவிட்டால், கலவரம் வந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கூட வேலை செய்கிற அந்த ஊர் ஊழியருக்கு அது இல்லை. ஒரே குடிசையில் தூங்கினாலும் இரண்டு பேரும் சமம் இல்லை, சமம் என்று நடிப்பது பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதைவிட, அந்த ஊழியருக்குக் கீழே வேலை செய்யட்டும். உண்மையிலேயே கீழே, அவர் "இன்றைக்கு நீ பேச வேண்டாம், நாற்காலியைப் போடு" என்றால் போட வேண்டிய நிலையில். பணம் இவர் வழியாகப் போகக் கூடாது. பணப்பை யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், தலையாட்டுகிறவர்கள் நடுவில் இரண்டு வருடம் இருந்தால் எவ்வளவு நல்ல பையனும் கெட்டுப்போவான்.

மொழியை ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கென்யாவோ தான்சானியாவோ என்றால் சுவாஹிலி, வேறு இடம் என்றால் அந்த இடத்தின் மொழி, அதைப் பிள்ளைகளிடம் கற்கட்டும், பெரியவர்கள் மரியாதைக்காகத் திருத்த மாட்டார்கள். முதல் ஆறு மாதம் மூன்று வயதுக் குழந்தை மாதிரிப் பேசிக்கொண்டு ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கும். தமிழில் அருமையாகப் பிரசங்கம் பண்ணுகிற ஆளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது போன பிறகு தெரியும். சாப்பாடு கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடட்டும், "உங்களுக்கே இல்லை, எனக்கு எதற்கு" என்று அன்போடு சொல்வதுகூட அந்த வீட்டாரைப் பிச்சைக்காரர் ஆக்கிவிடும். காய்ச்சலில் படுத்தால் அந்த ஊர் அம்மா வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுப் படுத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, சின்னதுதான், ஆனால் செய்கிறவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. மாதாமாதம் சபைக்கு அறிக்கை எழுத வேண்டியிருக்கும், போட்டோவும் கேட்பார்கள். எழுதியதை அனுப்பும் முன் அந்த ஊர்ப் போதகருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளைக் கிழிந்த சட்டையோடு காட்டாதே என்பார், இந்தக் கதையில் வருகிற வேலையைச் செய்தது நீ இல்லை, எங்கள் ஊர் அக்கா என்பார். எந்த வரியை எடுக்கச் சொல்கிறாரோ அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பட்டும். அறிக்கை பாதியாகக் குறைந்தால் குறைந்து போகட்டும், சபைக்காரர்களிடம் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.